மாற்றுவது ஒன்று, திருத்துவது வேறு

(பொன்னேரியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது கற்பவருக்குச் சுமையா, செல்வமா?" 'செல்வமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

    

எனக்கு முன்னால் பேசிய தோழர் ஒரு பட்டியல் வாசித்தார். சேஞ்ச், ஆல்டர், மாடிஃபை, அமெண்ட், அட்ஜஸ்ட், அடாப்ட், ரிவைஸ், கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம். வாசித்து முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, "இத்தனைக்கும் தமிழிலே ஒரே அர்த்தம்தான், மாற்று! ஒரு சொல்லிலே முடியிற காரியத்துக்கு எதுக்கய்யா ஒன்பது சொல்லு? பிள்ளைங்க பாவம் இல்லையா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பிள்ளைகள் பாவம் என்பதற்காக.

ஆனால் ஐயா, ஒன்பதுக்கும் ஒரே அர்த்தம் என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தேரடிப் பக்கம் ஏதாவது ஒரு தையல்கடைக்குப் போங்கள். கடை வாசலிலே போர்டு தொங்கும்: "ஆல்டரேஷன் செய்து தரப்படும்." எந்தத் தையல்காரராவது "டிரான்ஸ்ஃபர்மேஷன் செய்து தரப்படும்" என்று எழுதியிருக்கிறாரா? மாட்டார். ஏனென்றால் அவருக்கு வித்தியாசம் தெரியும். இடுப்பைப் பிடித்துத் தருவார், கால் நீளத்தைக் குறைத்துத் தருவார். கொடுத்தது பேண்ட், திரும்ப வருவதும் பேண்ட். அதுதான் ஆல்டரேஷன். அதே பேண்ட்டை முழங்காலோடு வெட்டி, அடிப்பக்கத்தைத் தைத்து, இரண்டு காது வைத்தால் காய்கறிப் பை. அதுக்குப் பேர் கன்வர்ஷன். அம்மா அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகலாம். அப்பா அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போக முடியாது. (சிரிப்பு)

இரண்டையுமே தமிழிலே "பேண்ட்டை மாத்திட்டாரு" என்றுதான் சொல்கிறோம். அப்பாவுக்கு எது நடந்தது என்று அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவர் அவர்களே, இந்தச் சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும். மாற்றின பிறகு என்ன மிச்சம் இருக்கிறது? ஆல்டர் செய்தால் பொருள் மிச்சம் இருக்கும், கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். லத்தீனிலே 'ஆல்டர்' என்றாலே 'இன்னொன்று, மற்றது' என்றுதான் பொருள். நம்ம ஊரிலே 'மாற்றான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மாடிஃபை என்பது 'அளவு' என்கிற லத்தீன் சொல்லிலே பிறந்தது. அளவோடு செய்கிற மாற்றம். ரிவைஸ் என்றால் திரும்பப் பார்ப்பது. கன்வர்ட் என்றால் முகத்தையே அந்தப் பக்கம் திருப்பிவிடுவது. சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

எதிரணிக்கு நியாயமாக ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். இந்தச் சொற்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டிரான்ஸ்ஃபார்ம் என்றால் உருவத்தையே தலைகீழாக்குவது என்று அகராதி சொல்லும். ஆனால் தெருமுனையிலே நிற்கிற டிரான்ஸ்ஃபார்மர் என்ன பண்ணுகிறது? 11,000 வோல்ட்டிலே வருகிற மின்சாரத்தைக் குறைத்து நம்ம வீட்டுக்கு அனுப்புகிறது. ஏ.சி. மின்சாரமாக உள்ளே போகிறது, ஏ.சி. மின்சாரமாகவே வெளியே வருகிறது. அதே ஏ.சி.யை டி.சி.யாக ஆக்குகிற பெட்டிக்குத்தான் கன்வர்ட்டர் என்று பேர். ஆக, மின்சாரக்காரரிடம் கன்வர்ட் பெரிய மாற்றம், டிரான்ஸ்ஃபார்ம் சின்ன மாற்றம். இங்கிலீஷ் வாத்தியாரிடம் வேறு கணக்கு. சொல் எந்தத் தொழிலிலே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இது சுமையா என்றால், கொஞ்சம் சுமைதான். தங்கம்கூடக் கனமாகத்தானே இருக்கிறது?

தொழில் என்றவுடனே நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்விடலாம். இங்கே கூட்டத்திலே பாதிப் பேர் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், அல்லது ஷிப்டுக்குப் போகப் போகிறவர்கள். உங்களுக்குத் தெரியும். மெஷினிலே ஒரு போல்ட்டை அரைத் திருகு திருகினால் அது அட்ஜஸ்ட்மெண்ட். அதற்காகவே அந்த போல்ட்டை அங்கே வைத்திருக்கிறான். திருகலாம், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். அதே மெஷினிலே டிரில் போட்டு ஒரு புது ஓட்டை போட்டால் அது மாடிஃபிகேஷன். ஓட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. அதனாலேதான் அதற்கு மேலே இருந்து கையெழுத்து வேண்டும். வேலைக்கு வருகிற டிராயிங் இருக்கிறதே, அதிலே ஒரு கட்டத்துக்குள்ளே 'ரிவிஷன்' என்று போட்டு ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். பி வந்த பிறகு ஏ-யை வைத்துக்கொண்டு நூறு உருப்படி கடைந்தால் என்ன ஆகும்? நூறும் ரிஜெக்ட். ஒரு நாள் உழைப்பு ஸ்கிராப் தொட்டியிலே. ரிவைஸ் என்கிற சொல்லை அங்கே யாரும் பரீட்சைக்காகப் படிக்கவில்லை. சம்பளத்துக்காகப் படிக்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், இது சிரிப்பதற்கு இல்லை. பிரஸ் மெஷினிலே கை உள்ளே போகாமல் இருக்க ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். உற்பத்தி வேகமாக வர வேண்டும் என்று அந்தத் தடுப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்" என்று சொல்வது சில இடங்களிலே பழக்கம். ஐயா, அது அட்ஜஸ்ட்மெண்ட் இல்லை. பாதுகாப்போடு இருந்த மெஷினைப் பாதுகாப்பு இல்லாத மெஷினாக ஆக்கிவிட்டார்கள். சரியான வினைச்சொல்லைச் சொல்லியிருந்தால், கேட்கிறவன் "ஐயோ" என்று நிறுத்தியிருப்பான். சின்னச் சொல்லைச் சொன்னதாலே சரி என்று தலையாட்டிவிட்டான். விரல் போன பிறகு எந்தச் சொல்லைப் போட்டு எழுதினால் என்ன?

இந்த 'அட்ஜஸ்ட்' இருக்கிறதே, அது இங்கிலீஷ் சொல்லே இல்லை. தமிழ்ச்சொல் ஆகிவிட்டது. பஸ்ஸிலே மூன்று பேர் சீட்டிலே நாலாவது ஆள், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க." கடன் கேட்கிறவர், "இந்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணுங்க." ஆனால் இந்தச் சொல் அதிகமாக எங்கே புழங்குகிறது தெரியுமா? கல்யாணமாகி வந்த பெண்ணிடத்திலே. "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா."

நான் கேட்கிறேன், அந்தப் பெண்ணை என்னென்ன அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள்? காபியிலே சர்க்கரை ஒரு ஸ்பூன் குறைக்கணும். சரி, அது அட்ஜஸ்ட்தான். காலையிலே ஐந்து மணிக்கு எழுந்திருக்கணும். புது வீட்டுப் பழக்கத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறாள், அது அடாப்ட். படித்த படிப்புக்கு வேலைக்குப் போகக் கூடாது, பிறந்த வீட்டுக்குப் பேசக் கூடாது, சிரிப்பைக் குறைக்கணும், பேரைக்கூட மாற்றிக் கூப்பிடுவோம். ஐயா, இது அட்ஜஸ்ட்டா? இது கன்வர்ஷன்! ஒரு ஆளைக் கொடுத்து வேறு ஒரு ஆளைக் கேட்கிறீர்கள். தையல்காரருக்குத் தெரிந்த வித்தியாசம் மாமியாருக்குத் தெரிய வேண்டாமா? (கைதட்டல்)

நடுவர்: மாமனாருக்கும் தெரியணும்னு சேர்த்துக்கோங்க.

சேர்த்துக்கொள்கிறேன் ஐயா. அடிஷன்! (சிரிப்பு)

சரி, வீட்டை விட்டு ஆபீசுக்கு வருகிறேன். பிள்ளையின் சான்றிதழிலே பேர் தப்பாக விழுந்துவிட்டது. கவிதா என்பதற்கு 'கவிதை' என்று அடித்துவிட்டார்கள். அப்பா போய், "பேரை மாத்தணும்" என்று நிற்கிறார். அங்கே இருக்கிறவர் கேட்கிறார்: "பெயர் மாற்றமா, பெயர் திருத்தமா?" இவருக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்கிறார். ஒன்றில்லை. பெயர் மாற்றம் என்றால், கவிதா என்று இருந்தவர் இனிமேல் கனிமொழி என்று வைத்துக்கொள்ள விரும்புகிறார். அதற்கு அரசிதழிலே விளம்பரம் வர வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பெயர் திருத்தம் என்றால், பேர் எப்போதும் கவிதாதான், எழுதினவர் கை தப்புப் பண்ணிவிட்டது. சரியான ஆதாரத்தைக் காட்டினால் போதும். மாற்றத்திலே விருப்பம் நம்முடையது. திருத்தத்திலே தப்பு வேறொருவருடையது. தவறான சொல்லைச் சொன்னால் தவறான பாரம், தவறான வரிசை, மூன்று மாத அலைச்சல்.

பார்த்தீர்களா, தமிழிலே ஒரே சொல்தான் இருக்கிறது என்று தோழர் சொன்னார். நம்ம அரசாங்க பாரத்திலேயே இரண்டு இருக்கிறது. இந்தத் திருத்தம் இருக்கிறதே, அதுதான் இங்கிலீஷிலே அமெண்ட். லத்தீனிலே குற்றத்தை வெளியே எடுப்பது என்று பொருள். குற்றத்தை எடுக்கலாம், ஆளை எடுக்கக் கூடாது. இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியிலே இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது நான் பேசப் போவது உங்கள் ஊர்க் கதை. வேறு ஊரிலே இந்தப் பட்டிமன்றம் நடந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

1953-ல் ஆந்திரா தனி மாநிலமாகப் போனபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் எத்தனையோ பேரும் போராடினார்கள். பேச்சுவார்த்தைக்குப் படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்தார்கள். அவரும் உங்களைப் போலத்தான் ஐயா, இரண்டு அணியையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். ஆனால் அவருக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. கடைசியிலே பார்லிமெண்டிலே 1959-ல் ஒரு சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. பதிலுக்கு, அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்திலே திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களைச் சேர்ந்த கிராமங்கள், சத்தியவேடு வட்டாரம், ஆந்திராவுக்குப் போயின.

ஏப்ரல் முதல் தேதி! காலையிலே எழுந்து பக்கத்து வீட்டுக்காரர், "ஏம்பா, நாம இப்ப ஆந்திரா" என்று சொன்னால், முட்டாள்கள் தினம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வீடு நகரவில்லை, கிணறு நகரவில்லை, கிணற்றடியிலே பேசுகிற தமிழும் நகரவில்லை. கோடு நகர்ந்தது. இந்த அரங்கத்திலே அத்தை சத்தியவேட்டிலே, சித்தப்பா பொன்னேரியிலே என்று இருக்கிற குடும்பங்கள் இருக்கும். ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் பேர் என்ன? ஆந்திரப் பிரதேசம், மெட்ராஸ், 'ஆல்டரேஷன் ஆஃப் பவுண்டரீஸ்' சட்டம். ஆல்டரேஷன்! தையல்கடை போர்டிலே இருக்கிற அதே சொல். ஒரு பக்கம் பிடித்து, ஒரு பக்கம் விட்டுத் தைத்திருக்கிறார்கள்.

வெறும் பேருக்காக அந்தச் சொல்லைப் போடவில்லை. அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவிலே, மாநிலங்களை என்னென்ன செய்யலாம் என்று வினைச்சொற்களாக அடுக்கியிருக்கிறார்கள். புது மாநிலம் உண்டாக்கலாம், பரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், எல்லையை ஆல்டர் செய்யலாம், பேரை ஆல்டர் செய்யலாம். அடுத்த 4-ஆவது பிரிவு ஒரு கூடுதல் சங்கதி சொல்கிறது. இப்படிச் செய்கிற சட்டத்தை, 368-ஆவது பிரிவின்படியான 'அமெண்ட்மெண்ட்' என்று கருதக் கூடாதாம். இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அமெண்ட் என்றால் இரண்டு சபையிலும் மொத்த உறுப்பினர்களிலே பாதிக்கு மேல் வேண்டும், வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களிலே மூன்றிலே இரண்டு பங்கு வேண்டும். ஆல்டர் என்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். எந்த வினைச்சொல் என்பதைப் பொறுத்து, எத்தனை கை தூக்க வேண்டும் என்பது மாறுகிறது. பொன்னேரி தாலுகா கிராமங்கள் போனது சாதாரணப் பெரும்பான்மையிலே.

அதே 1960-லே இன்னொரு கதை. மேற்கு வங்காளத்திலே பெருபாரி என்று ஒரு பகுதி. அதிலே பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். 3-ஆவது பிரிவிலேதான் 'குறைக்கலாம்' என்று இருக்கிறதே, அதை வைத்துக் கொடுத்துவிடலாமா என்று சுப்ரீம் கோர்ட்டைக் கேட்டார்கள். கோர்ட் என்ன சொன்னது? மாநிலத்தின் பரப்பைக் குறைப்பது வேறு, நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பது வேறு. பின்னதற்கு அமெண்ட் வேண்டும். அந்த வருஷக் கடைசியிலே அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. அண்ணன் தம்பிக்குள்ளே வரப்பை நகர்த்திக்கொள்ளலாம். வெளியாளுக்கு வரப்பைக் கொடுப்பதென்றால் குடும்பமே கூடிக் கையெழுத்துப் போடணும்.

இதைச் சொன்னவுடனே உங்களுக்கு ஒரு தீவு ஞாபகம் வந்திருக்கும். (கைதட்டல்) ஆமாம், கச்சத்தீவு. 1974 ஒப்பந்தத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவரவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், பெருபாரிக்கு வேண்டியிருந்த திருத்தம் இதற்கும் வேண்டும் என்று 2008-ல் ஜெயலலிதா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மத்திய அரசு சொன்ன பதில் என்ன? நாங்கள் எதையும் கொடுக்கவில்லை, தகராறிலே இருந்த எல்லையை வரையறுத்தோம், அவ்வளவுதான் என்று. கொடுப்பது ஒரு வினை, வரையறுப்பது ஒரு வினை. இரண்டு வினைக்கு நடுவிலே ஒரு தீவு. நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வினைச்சொல்லிலே வித்தியாசம் பார்ப்பது வெட்டி வேலை என்று நினைக்கிறவர்கள் இராமேசுவரம் மீனவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். 'தமிழ்நாடு' என்று பேர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தே உயிர்விட்டார். 1967 ஜூலை 18-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேறியது. 1968-ல் பார்லிமெண்ட் சட்டம், 1969 ஜனவரி 14-ல் அமல். சட்டத்தின் பேர் பாருங்கள், 'ஆல்டரேஷன் ஆஃப் நேம்'. 1996-ல் மெட்ராஸ் நகரம் சென்னை ஆனதே, நம்ம சட்டமன்றம் போட்ட அந்தச் சட்டத்தின் பேரும் 'ஆல்டரேஷன் ஆஃப் நேம்'தான். மண் அதே மண், மக்கள் அதே மக்கள், மேலே எழுதியிருக்கிற பேர் மட்டும் வேறு. அதனாலே ஆல்டர். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், அது அமெண்ட் என்றே எழுதியிருக்கலாம். தப்பாக எழுதியிருந்த பேரைச் சரியாக எழுதினோம், அவ்வளவுதானே? (பலத்த கைதட்டல்) ஆனால் சட்டம் எழுதினவர்கள் என்னைக் கேட்கவில்லை.

இப்போது அந்த அமெண்ட்டுக்கு வருகிறேன். அதிலேயும் முதல் அத்தியாயம் நம்ம ஊருடையது. சென்னை மாகாணத்திலே கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கிற அரசாணை இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கிலே 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. தமிழ்நாட்டிலே பெரியார் உட்படப் பலரும் கொதித்தெழுந்தார்கள். ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆவது பிரிவிலே நாலாவது உட்பிரிவைச் சேர்த்தார்கள். அரசியல் சட்டத்துக்கு அப்போது வயது ஒன்றரை. இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ வீட்டிலே முதல் பட்டதாரி அந்த ஒரு திருத்தத்தின் வழியாக வந்தவர்.

ஆக அமெண்ட் நல்ல சொல். ஆனால் நல்ல சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? இந்தக் கேள்விதான் 1973-லே வந்தது. காசர்கோடு பக்கத்திலே எடநீர் மடம். அதன் தலைவர் கேசவானந்த பாரதி. நில உச்சவரம்புச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு வளர்ந்து வளர்ந்து, நிலத்தை விட்டுவிட்டு, ஒரு வினைச்சொல்லிலே வந்து நின்றது. பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தை 'அமெண்ட்' செய்யலாம் என்று எழுதியிருக்கிறதே, அந்த அமெண்ட் எதுவரைக்கும் போகும்? தேர்தலே வேண்டாம் என்று அமெண்ட் செய்யலாமா? கோர்ட்டே வேண்டாம் என்று செய்யலாமா? 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. ஒரு பக்கம் பல்கிவாலா. 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பு. ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் ஒரு பக்கம்.

அந்த ஏழாவது ஆளாக நின்ற நீதிபதி கன்னா சொன்னதன் சாரம் இதுதான்: அமெண்ட் செய்வது என்றால், செய்து முடித்த பிறகு பழைய அரசியல் சட்டம் தன் அடையாளத்தோடு மிச்சம் இருக்க வேண்டும். எந்தப் பிரிவையும் தொடலாம், அடிப்படைக் கட்டமைப்பை இடிக்க முடியாது. நான் முதலிலே கேட்டேனே, மாற்றின பிறகு என்ன மிச்சம் என்று! பேண்ட்டுக்குக் கேட்ட அதே கேள்விதான் ஐயா.

இது ஏட்டிலே நின்றுவிடவில்லை. நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976-ல், 42-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, திருத்துகிற அதிகாரத்துக்கு வரம்பே கிடையாது என்று எழுதிப் பார்த்தார்கள். 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கிலே அந்த வரியைக் கோர்ட் அடித்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை என்று தோழர் சொன்ன ஒரு வினைச்சொல், எழுபதுகளிலே இந்த நாட்டின் தேர்தலையும் கோர்ட்டையும் தாங்கிக்கொண்டு நின்றது. அது சுமக்கிற சுமை, தோழரே. நமக்கு அது சுமை இல்லை.

இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு சங்கதி, இது எனக்கு மிகவும் பிடித்தது. 1971-ல் 24-ஆவது திருத்தம் வந்தபோது, அமெண்ட் என்றால் எப்படியெல்லாம் செய்யலாம் என்று மூன்று சொல் போட்டு விளக்கினார்கள். அடிஷன், வேரியேஷன், ரிப்பீல். சேர்ப்பது, வேறாக்குவது, நீக்குவது.

தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால் இப்போதே சிரித்திருப்பார்கள். பவணந்தி முனிவர் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலே நன்னூலிலே இதைச் சொல்லிவிட்டார். இரண்டு சொல் சேரும்போது வருகிற மாற்றத்துக்கு விகாரம் என்று பேர். அது மூன்று வகை: தோன்றல், திரிதல், கெடுதல். எட்டாம் வகுப்பிலே படித்தது ஞாபகம் இருக்கிறதா? பூ, கொடி, பூங்கொடி. நடுவிலே ஒரு 'ங்' வந்தது, தோன்றல். அதுதான் அடிஷன். பொன், குடம், பொற்குடம். 'ன்' போய் 'ற்' ஆனது, திரிதல். அதுதான் வேரியேஷன். மரம், வேர், மரவேர். 'ம்' போய்விட்டது, கெடுதல். அதுதான் ரிப்பீல். டெல்லியிலே சட்டம் எழுதினவர்கள் நன்னூல் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் மாற்றம் என்பதைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால், எந்த நாட்டு மூளைக்கும் இந்த மூன்றுதான் கிடைக்கிறது போலிருக்கிறது.

அதிலே இன்னொரு நுட்பம். மரவேர் என்று சொல்லும்போது கெட்டது எது? 'ம்' என்கிற ஒரு ஒற்று. மரம் கெடவில்லை. மரவேர் என்றால் இன்றைக்கும் மரத்தின் வேர் என்றுதான் புரிகிறது. சுப்ரீம் கோர்ட்டிலே 68 நாள் பேசியதை நம்ம வீட்டுப் பிள்ளை ஒரு மார்க் கேள்வியிலே எழுதுகிறான்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தோழர் தமிழிலே ஒரே ஒரு 'மாற்று' என்றார். மாற்றம், மாறுதல், திருத்தம், சீர்திருத்தம், திரிபு, உருமாற்றம், புதுப்பிப்பு, மறுசீரமைப்பு. வாத்தியாருக்கு வருவது இடமாற்றம், நிலத்துக்கு நடப்பது பட்டா மாறுதல். நஞ்சை நிலம் வீட்டு மனையாகிறதே, அதையும் பத்திரத்திலே 'மாற்றம்' என்றுதான் எழுதுகிறோம். அங்கே மட்டும் எனக்கு இங்கிலீஷ்காரன் சொல்தான் நேர்மையாகப் படுகிறது. கன்வர்ஷன். மனை மறுபடி வயல் ஆகாது. பொன்னேரியைச் சுற்றி நெல் விளைந்த இடத்திலே கல் நட்டு வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இந்த மேடைக்கு வந்தேன். 2021-ல் உங்கள் பேரூராட்சி நகராட்சி ஆனதே, அதற்குத் 'தரம் உயர்த்தப்பட்டது' என்று சொன்னார்கள். உயர்ந்ததா, மாறியதா என்று நகராட்சிக்குத் தண்ணீர் வரி கட்டுகிற நீங்கள்தான் சொல்ல வேண்டும். (சிரிப்பு)

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். உங்கள் ஊர்ப் பேரை மட்டும் ஒரு தரம் பிரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பொன், ஏரி. சேர்த்துச் சொன்னால் 'பொனேரி' என்று வருவதில்லை, பொன்னேரி என்று வருகிறது. எங்கேயிருந்தோ கூடுதலாக ஒரு 'ன்' வந்து உட்கார்ந்திருக்கிறது. தோன்றல் விகாரம். எந்தச் சட்டமன்றமும் ஓட்டுப் போடவில்லை, யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை, பொன்னும் அப்படியே இருக்கிறது, ஏரியும் அப்படியே இருக்கிறது.